ஆறு கொடிகள், ஐந்து வீடுகள்

ஆகஸ்ட் 27, புதன். ஜொகூர் பாரு – மலாக்கா

காலை ஐந்தரைக்கு நான் அறைக் கதவைத் திறந்தபோது அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஆறு கொடிகள். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, நான்காய் மடித்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். முதல் கொடியை எங்கள் வீட்டு வாசல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

எங்கள் நாட்டில் ஆகஸ்ட் வந்தாலே தெருவெல்லாம் கொடிதான். ஆகஸ்ட் 31 சுதந்திர நாள். 1957இல் மலாயா விடுதலை பெற்ற நாள். அதைத் தாண்டி செப்டம்பர் 16, மலேசிய நாள் வரை இந்தக் கொண்டாட்டம் நீளும். கடை, லாரி, மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட வேலி என்று எங்கு பார்த்தாலும் எங்கள் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பறக்கும். சிவப்பும் வெள்ளையுமாக 14 கோடுகள், நீலக் கட்டத்துக்குள் பிறையும் 14 முனை விண்மீனும்.

அம்மாவுக்கு இது கூடப் பிறந்தவர்களைப் பார்க்கப் போகும் மாதமும்கூட. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரே வீட்டில் பிறந்த ஐந்து பேர். இன்று ஐந்து ஊர்களில் இருக்கிறார்கள். பெரிய மாமா சுங்கை சிப்புட்டில், பெரியம்மா மலாக்காவில், அம்மா என்னோடு ஜொகூரில், சின்ன மாமா கோலாலம்பூரில், சித்தி தெலுக் இந்தானில். மூத்தவருக்கு 79, இளையவருக்கு 67. ‘இந்த வருஷம் ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்து கொடி பார்க்கணும்’ என்று அம்மா ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அதற்காகத்தான் விடுப்பு எடுத்தேன். வண்டி ஏழு பேர் உட்காரும் எக்ஸோரா. ஒவ்வொரு ஊரிலும் ஒருவரை ஏற்றிக்கொண்டு வடக்கே போவதாகத் திட்டம்.

“ஐந்து வீடுதானே, ஆறாவது கொடி யாருக்கு?” என்று பாகோ தாண்டும்போது கேட்டேன். “இருக்கட்டும்” என்றார் அம்மா.

இன்று விநாயகர் சதுர்த்தி. பெரியம்மா வீட்டில் கொழுக்கட்டை வெந்து முடிந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் பெரியம்மா கட்டிப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, “இளைச்சிட்டே” என்றார். சின்ன வயதில் தங்கைகளுக்குச் சோறு ஊட்டிய கை அது. அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை. இரண்டாவது கொடியைப் பெரியம்மா வீட்டு ஜன்னலில் கட்டினோம். நீலக் கட்டம் மேலே, இடப்பக்கம் வரவேண்டும் என்று அம்மா இரண்டு முறை என்னிடம் சரிபார்த்தார்.

மாலையில் பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனோம். 1781இல் எழுந்த கோயில். மலாக்கா செட்டிகளுடையது. மலாக்கா சுல்தான்கள் காலத்திலிருந்து இங்கே வேர்விட்ட தமிழ் வணிகர் வழி வந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா, கும்பிடுவது சிவனையும் பிள்ளையாரையும். திருநீறு பூசிய ஒரு பாட்டி பக்கத்தில் நின்று மலாயில் வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார், அவரும் சிரித்தார். அதே தெருவில் சில அடி தள்ளி 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மணிச் சத்தம் அடங்கியதும் பாங்கு கேட்டது. மூன்று வாசலிலும் கொடி இருந்தது. நான் இந்த நாட்டை நேசிப்பதற்கு ஒரு தெருவைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஆகஸ்ட் 28, வியாழன். மலாக்கா – கோலாலம்பூர்

காலையில் பண்டார் ஹிலிரில் இருக்கும் சுதந்திரப் பிரகடன நினைவகம். 1912இல் ஆங்கிலேயர் தங்கள் கிளப்புக்காகக் கட்டிய வெள்ளைக் கட்டடம், இரண்டு பக்கமும் குமிழ் குமிழாய்க் கூரை. அந்தக் காலத்தில் நம்மவர்கள் உள்ளே தட்டேந்தித்தான் போயிருக்க முடியும். இன்று பெரியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே ஏறினார்.

எதிரே இருக்கும் திடலில்தான், பின்னால் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் 1956 பிப்ரவரி 20 அன்று நின்றார். லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பியவர் மலாக்காவில் இறங்கி, ‘1957 ஆகஸ்ட் 31’ என்று நாள் குறித்துச் சொன்னது இந்த இடத்தில். 1511இல் போர்த்துகீசியரிடம் விழுந்த ஊர் இது. பிறகு 1641இல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். விழுந்த இடத்திலேயே எழுந்து நின்று சொல்லவேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இன்று திடலுக்கு அடியில் பெரிய வணிக வளாகம். மேலே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

பெரியம்மாவுக்கு அப்போது எட்டு வயது. “தோட்டத்துக்கு அந்தச் செய்தி எப்படி வந்தது?” என்று கேட்டேன்.

“கிராணி வீட்ல ரேடியோ இருந்துச்சு. அப்பா போய்க் கேட்டுட்டு வந்து சொன்னாரு. ‘சுதந்திரம்னா என்னாப்பா’ன்னு கேட்டேன். ‘வெள்ளைக்காரன் போயிடுவான்’னாரு. அப்ப யாரு பெரட்டு எடுப்பான்னு கேட்டேன்.”

கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். பெரட்டு என்றால் விடியும் முன் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு உலகம் அதைச் சுற்றித்தான் இருந்திருக்கிறது.

மதியம் கிளம்பி, சிரம்பான் தாண்டி நெரிசலில் ஊர்ந்து, இருட்டிய பிறகு சின்ன மாமா வீட்டை அடைந்தோம். மாமா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இறங்குவதற்குள் ஏணியைச் சாத்திவைத்து மூன்றாவது கொடிக்காகக் காத்திருந்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி. கோலாலம்பூர்

இன்று ஓய்வு நாள் என்று சொல்லிக்கொண்டோம், ஆனால் ஓயவில்லை.

சின்ன மாமா எங்களை ரயிலில் அழைத்துப் போனார். மெர்டேக்கா சதுக்கத்தில் 95 மீட்டர் உயரக் கொடிக்கம்பம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடி இறங்கியதும் எங்கள் கொடி ஏறியதும் இந்தத் திடலில்தான். மறுநாள் காலையில் மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு ஏழு முறை ‘மெர்டேக்கா’, அதாவது ‘விடுதலை’, என்று முழங்கினார். அந்த அரங்கத்தை வெளியே நின்று பார்த்தோம். பக்கத்தில் மெர்டேக்கா 118 கோபுரம், 678.9 மீட்டர், உலகின் இரண்டாவது உயரக் கட்டடம். துங்கு கையை உயர்த்தி நின்ற தோற்றத்தை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கழுத்து வலித்தது. அரங்கம்தான் தனக்குப் பிடித்தது என்றார். “இதுல சத்தம் இருக்கு” என்றார்.

மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அந்த நீண்ட சாலைக்கு துன் சம்பந்தனின் பெயர். சாப்பிட்டு வெளியே வந்ததும் சின்ன மாமா பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, “ஒரு படம் எடு” என்றார். ஏன் என்று பிறகு சொன்னார்.

சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. லயத்தில் இருந்த குடும்பங்கள் ஒரே வாரத்தில் வீடில்லாமல் நின்றன. அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடமே பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். மரம் சீவியவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர்கள். தாத்தாவும் பத்து வெள்ளி கொடுத்தார். கொடுப்பதற்காக ஒரு ஆட்டை விற்றார். எங்கள் தோட்டம் அந்தச் சங்கத்துக்கு வரவில்லை, வேறு கைக்குப் போனது. “ஆனா ஆட்டை வித்ததுக்கு அப்பா ஒரு நாளும் வருத்தப்படல” என்றார் சின்ன மாமா. “நம்ம பேர்ல ஒரு துண்டு மண்ணு எங்கேயோ இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

ஆகஸ்ட் 30, சனி. தெலுக் இந்தான், தோட்டம், சுங்கை சிப்புட்

இன்றைய நாளை எழுத நேரம் வேண்டும். இப்போது இரவு ஒன்றரை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். பின்னிருக்கையில் மூன்று பேரும் சேர்ந்தால் வண்டிக்குள் வானொலி தேவையில்லை. பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பேச்சு தானாகவே நின்றது. இரண்டு பக்கமும் செம்பனை. ஆளுக்கொரு ஜன்னல் வழியாக அவர்கள் தேடியது செம்பனைக்கு முன்பு அங்கிருந்ததை.

முதலில் தெலுக் இந்தான். சித்தி வீட்டில் நான்காவது கொடி. சித்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் சீ சியோங் ஃபன் வாங்கிக் கொடுத்தார். 1885இல் தண்ணீர்த் தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் கட்டிய கோபுரம், மண் இளகி ஒரு பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது. அதிலும் சுற்றிக் கொடி கட்டியிருந்தார்கள். சீனர்களுக்கு இது முன்னோர் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதம். சாலையோரத்தில் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும். சித்தியின் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசலில் காகிதம் எரித்துக்கொண்டே, “சுடுகாட்டுக்கா போறீங்க? நல்ல மாசம்” என்று மலாயில் சொன்னார். தன் பூஜைக்கு வாங்கிய பழத்தில் நான்கை எடுத்துக் கொடுத்தார்.

ஆம், சுடுகாட்டுக்குத்தான். தோட்டத்து இடுகாடு இன்னும் இருக்கிறது. லயங்கள் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கொட்டகையோடு நிற்கிறது. அதற்குப் பின்னால் செம்பனைக்கு நடுவே கொஞ்சம் மேடு. தாத்தாவும் பாட்டியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில்.

தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, காடு, காலரா. அந்த வேலைக்குப் போன தமிழர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ ஆயிரம். தாத்தா திரும்பினார். 1946இல் பெரிய மாமா பிறந்தார். தாத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். ரயில் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்றுகொள்வாராம்.

பெரியம்மா புல்லைக் கையால் பிடுங்கினார். சின்ன மாமா தண்ணீர் தெளித்தார். சித்தி சூடம் ஏற்றினார். அம்மா துணிப்பையைத் திறந்து ஆறாவது கொடியை எடுத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“மண்ணுல நடாதே” என்றார் பெரியம்மா. “மழையில நனைஞ்சு, நிறம் போயி, கீழே விழும். கொடிக்கு அது மரியாதை இல்ல.”

அம்மா வாதாடவில்லை. சூடம் அணையும் வரை கொடியை இரண்டு கையாலும் பாட்டியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்தார்.

பாட்டிக்குக் கொடி என்றால் அவ்வளவு ஆசை. 1957இல் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பன்னும் ஆரஞ்சுத் தண்ணியும் காகிதக் கொடியும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் காகிதக் கொடியைப் பாட்டி சோற்றுப் பசை தடவி லயத்துக் கதவில் ஒட்டினார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்ட்டும் அந்தக் கதவில் ஒரு காகிதக் கொடி. முதலில் 11 கோடுகள். 1963இல் மலேசியா ஆனதும் 14. கோடு கூடிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் என்று சித்தி சொன்னார்.

இருட்டுவதற்குள் கிளம்பி, ஈப்போ வழியாக சுங்கை சிப்புட் வந்தோம். பெரிய மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து அங்கேயே இருக்கிறார் என்று அத்தை சொன்னார். ஐந்து பேரும் ஒரே வாசலில் சேர்ந்து நின்று எட்டு வருடமாகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. மாமா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார், 67 வயது சித்தி வரைக்கும்.

ஐந்தாவது கொடியை மாமாவே கட்டினார். நடுச்சாமத்தில் ஊருக்குள் எங்கோ வாணம் வெடித்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. சுங்கை சிப்புட்

காலை எட்டு மணிக்குள் எல்லாரும் குளித்து, புதுத்துணி உடுத்தித் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாயிற்று. புத்ராஜெயாவில் அணிவகுப்பு. 68ஆவது ஆண்டு. தேசிய கீதமான நெகாராகூ ஒலித்ததும் ஐந்து பேரும் எழுந்தார்கள். முழங்கால் வலியில் பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து பேரும் வாய்விட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டின் மெட்டு பேராக் மாநிலப் பண்ணிலிருந்து எடுத்தது என்பதில் பெரிய மாமாவுக்குப் பெருமை அதிகம். “எங்க ஊரு மெட்டு” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். இன்றும் சொன்னார்.

அணிவகுப்பு முடிந்ததும் பெரிய மாமா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சம்பந்தன் சங்கத்தின் ரசீது. அடியில், பிளாஸ்டிக் உறையில், இரண்டு அடையாள அட்டைகளின் நகல். தாத்தாவுடையது ஒன்று, பாட்டியுடையது ஒன்று.

இந்தக் கதையை நான் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறேன். இன்று முழுதாகச் சொன்னார்கள்.

சுதந்திரத்தோடு குடியுரிமைக் கேள்வியும் வந்தது. 1957 ஆகஸ்ட் 31க்குப் பின் அடுத்த சில ஆண்டுகள் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பிறப்போடு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தாத்தா, பாட்டி போன்றவர்கள் மனுச் செய்ய வேண்டும். கிராணி ஐயா இருவருக்கும் மனு எழுதினார். பட்டணத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டிய நாள் 1958 ஜனவரியில் வந்தது. அன்று விடிகாலையில் பாட்டிக்கு வலி எடுத்தது. தாத்தா மட்டும் போனார். சாயங்காலம் சித்தி பிறந்தார்.

அப்புறம் பாட்டி போனபோது மலாயில் கேள்வி கேட்டார்கள். பாட்டிக்குச் சந்தை மலாய் நன்றாகவே வரும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த பயத்தில் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை வேறு தாள் கேட்டார்கள். அதற்கடுத்த முறை அவர் வந்த கப்பலின் பெயர், நாள் எல்லாம் கேட்டார்கள். தாத்தாவுக்கு நீல அட்டை வந்தது. பிள்ளைகளுக்கும் நீலம். பாட்டிக்குச் சிவப்பு. ஒரே வீட்டில், ஒரே பானையில் சோறு வடித்துப் போட்டவர் மட்டும் சட்டப்படி வெளியாள். 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யவே தனி அனுமதி வாங்கவேண்டும் என்று வந்தது. அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறிப் போனார்கள். பாட்டி போகமாட்டேன் என்றார். “என் புள்ளைங்க தொப்புள்கொடி இங்க கிடக்குது” என்றாராம். 1988இல் இந்த வீட்டில், அந்த முன்னறையில் இறக்கும் வரை சிவப்பு அட்டைதான். நூறு கிலோமீட்டர் தூக்கிப்போய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அந்த வருட ஆகஸ்ட்டிலும் பாட்டி கொடி ஒட்டினார். கை நடுங்கியதால் கோணலாக இருந்தது என்று அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது.

சித்தி அழுதுகொண்டிருந்தார். “நான் ஒரு நாள் பிந்தி வந்திருந்தா?” என்றார். பெரியம்மா அதட்டினார். “அவங்க ஒரு நாளும் அப்படி நினைக்கல. நீ புறந்த அன்னிக்கே ‘இவ நாட்டோட புறந்தவ’ன்னு சொன்னாங்க. பேறுகாலத் துணியைத் துவைச்சது நானு, என் காதால கேட்டேன்.”

நான் இரண்டு நகல்களையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தபின் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் மாமா எடுத்துவைத்த நகல்கள் இவை. அந்தக் காலத்து நகல், கறுப்பு வெள்ளை. எது நீலம், எது சிவப்பு என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தாத்தா மீசையோடு, பாட்டி மூக்குத்தியோடு, ஒரே மாதிரி நேராகப் பார்க்கிறார்கள்.

பெரிய மாமா அம்மாவிடம், “அந்த ஆறாவதைக் கொண்டா” என்றார். முன்னறை ஜன்னலில், பாட்டியின் கட்டில் கிடந்த பக்கம், மாமாவும் அம்மாவும் சேர்ந்து கட்டினார்கள். இந்த வீட்டுக்கு இன்று இரண்டு கொடி.

மதியம் பெரிய விருந்து. கோழிப் பிரட்டல், கத்தரிக்காய்க் குழம்பு, ரசம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், ரெண்டாங் கறி கொண்டு வந்தார். இரண்டாவது கொடியைப் பார்த்து, “இது யாருக்கு?” என்று கேட்டார். “அம்மாவுக்கு” என்றார் மாமா. மாக்சிக்குக்குப் பாட்டியைத் தெரியும். ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 1, திங்கள். கோலா கங்சார்

சுதந்திர நாள் ஞாயிறில் வந்ததால் இன்றும் விடுமுறை. மாலையில் எல்லாரும் பிரியவேண்டும். அதற்குள் ஒரு மரத்தைப் பார்க்கவேண்டும் என்று சின்ன மாமா பிடிவாதமாக இருந்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரம்.

கோலா கங்சாரில், அரசு அலுவலகத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக நிற்கிறது அது. 1877இல் இங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று. பிரேசில் விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்தது. பட்டையை மெல்லச் சீவி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி சிங்கப்பூரில் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நாடே ரப்பர் காடானது என்று சித்தி பாடம் நடத்தினார். அந்தக் காட்டுக்காகத்தான் தாத்தாவைக் கப்பலில் ஏற்றினார்கள். நானும் இந்த மரத்தின் வழியாகத்தான் இந்த மண்ணுக்கு வந்திருக்கிறேன்.

அடிமரம் முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கிறது. ஐந்து பேரில் நான்கு பேர் மரம் சீவியவர்கள். சித்தியை மட்டும் மற்ற நால்வரும் சீவவிடவில்லை, பள்ளிக்கு அனுப்பினார்கள். அம்மா 14 வயதில் கத்தி பிடித்தவர். வேலியோரம் நின்று விரலாலேயே எனக்குக் காட்டினார். மேலே இடப்பக்கம் தொடங்கி, வலப்பக்கம் சரிவாக இறங்கவேண்டும். காகிதம் கனத்துக்குத்தான் பட்டை சீவவேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இல்லை. இருட்டோடு போய்ச் சீவினால்தான் குளிருக்குப் பால் மரத்தில் கட்டிய மங்குக்குள், அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள், ஓடும். வெயில் ஏற ஏறக் கெட்டியாகிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே மரம்.

“உன் சரிவு எப்பவும் ஜாஸ்தி” என்றார் பெரிய மாமா.

“தண்டல் ஒரு நாளாச்சும் என்னைத் திட்டியிருக்காரா, கேளு!” என்றார் அம்மா. தண்டல் என்றால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. பெரியம்மா அம்மா பக்கம், சின்ன மாமா பெரிய மாமா பக்கம். நடைபாதையில் கொடிகளுக்குக் கீழே நின்று அவர்கள் வாதாடுவதைச் சாலையில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் படம் எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா திடீரென்று என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

“வாங்க, வாங்க” என்றார் மற்ற நால்வரையும் பார்த்து. “மங்குல பால் நிறைஞ்சிருக்கும்.”